ஓர் அறையிலிருந்து மறு அறைக்கு

காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே ஓடி வந்து, 1902-ஆம் ஆண்டிலேயே எங்கள் கோலார் தங்கவயலின் சுரங்கப் பொறிகளை இயக்கியது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1905-இல்தான். இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அத்தகைய ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த ஒரு கணினியிலிருந்து, பத்தடி தள்ளி உள்ளறையில் இருந்த மற்றொரு கணினிக்கு ஒரு சிறு கோப்பு வர மறுத்தது என்றால் நம்புவீர்களா? ஒரு நாள் அன்று. மூன்று நாட்கள் மறுத்தது. அந்த மூன்று நாட்களில் நான் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் நம் மன்ற மலர் வழியே சொல்ல விரும்புகிறேன்.

இது வீட்டுத் தொல்லைதானே, நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. விடுதியில் ஓர் அறையில் மூவர் இருக்கிறோம்; மூவரிடமும் கணினி இருக்கிறது. ஆய்வுக் கூடத்திலோ பழையதும் புதியதுமாகப் பல கணினிகள். ஒன்றில் உள்ள அளவீடு மற்றொன்றுக்கு வரவில்லை என்று தலையில் கை வைத்து உட்காராத மாணவர் நம்மில் யார்?

வேண்டியிருந்தது எது?

என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். கேஜ் என்று நாங்கள் சொல்லும் கூண்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு பாதாளத்துக்கு இறங்கும் வாயிலில் நின்று, மணியடித்துச் சைகை கொடுக்கும் பொறுப்பு அவருடையது. வீட்டில் அவர் அதிகம் பேசியதில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நோய்த் தொற்றுக்கு அஞ்சி நாடே கதவடைத்தபோது ரயில்களும் நின்றன. மாரிக்குப்பத்தில் விடியலில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பும் எங்கள் ஊர்த் தந்தையர் அப்போதுதான் பகல் வெளிச்சத்தில் தங்கள் வீட்டைப் பார்த்தனர். எங்கள் அப்பாவும் வீட்டில் இருந்தார். அவர் ஒன்று கேட்க, தாத்தா ஒன்று சொல்ல, நாள்தோறும் திண்ணையில் பேச்சு நடந்தது. என் தங்கை அதைச் செல்பேசியில் பதிவு செய்தாள். மொத்தம் 43 பதிவுகள். செல்பேசியில் இடம் போதாமையால் அவற்றை முன்னறைக் கணினிக்கு மாற்றி வைத்தாள்.

2022-இல் தாத்தா மறைந்தார். அந்தச் செல்பேசியும் பிறகு பழுதாகிப் போயிற்று. அவர் குரல் இருந்த ஒரே இடம் அந்த முன்னறைக் கணினிதான்.

சென்ற பொங்கல் விடுமுறைக்கு வீடு சென்றேன். முன்னறைக் கணினியை முடுக்கியபோது அதன் வட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஓர் ஒலி கேட்டது. கடிகாரத்தில் கேட்டால் அது உயிரின் ஒலி. கணினி வட்டில் கேட்டால் அது சாவின் முன்னறிவிப்பு. பென்டிரைவைச் செருகினேன், தோன்றியது, மறைந்தது. செருகும் துளைகள் துருவேறியிருந்தன. இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று பார்த்தால், அதில் இருந்த பழைய உலாவியில் தளங்கள் பலவும் திறக்க மறுத்தன. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுவதே இந்நிலையில் தக்க வழி என்பதை அறிவேன். அதற்கு வேண்டிய கேபிள் எங்களிடம் இல்லை, கடைகளும் திறந்திருக்கவில்லை. விடுமுறைக்கு முன்பே அப்பா ஒரு கடைக்காரரிடம் கேட்டிருந்தார். “பார்மட் பண்ணிக் கொடுத்துவிடுகிறேன், சார், புதிதுபோல ஓடும்” என்றாராம் அவர். பார்மட் செய்தால் கணினி புதிதாகும், தாத்தா போய்விடுவார்.

எஞ்சிய வழி ஒன்றே. வீட்டு வலையமைப்பின் வழியே முன்னறைக் கணினியின் கோப்புறையைப் பகிர்ந்து, என் மடிக்கணினியில் இழுத்துக்கொள்ள வேண்டும். முன்னறையில் இருப்பது விண்டோஸ் 7. என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய ஓர் அலுவலக மடிக்கணினி, அதில் விண்டோஸ் 11 புரோ. கோப்புறையைப் பகிர்ந்தேன். என் கணினியில் ‘நெட்வொர்க்’ என்னும் பகுதியைத் திறந்தேன். வெறுமை!

நியூட்ரினோ தந்த பாடம்

முதல் நாள் முழுவதும் நான் செய்தது மூடத்தனம். கண்ணில் பட்ட அமைப்புகளை எல்லாம் மாற்றினேன். ஒன்றைத் திறந்தேன், மற்றொன்றை மூடினேன், இரண்டு கணினிகளையும் பலமுறை அணைத்து ஏற்றினேன். எதை மாற்றினேன், எதைப் பழையபடி வைத்தேன் என்பது மாலைக்குள் எனக்கே மறந்துவிட்டது. இயற்பியல் பயில்பவன் செய்யத் தகாத செயல் இது.

அன்றிரவு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் மேனன், ஸ்ரீகண்டன் முதலிய அறிவியலாளர்கள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து கருவிகளை நிறுவினர். விண்ணிலிருந்து வரும் கதிர்களால் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை 1965-இல் அங்கே கண்டனர். அவ்வளவு ஆழத்துக்கு அவர்கள் ஏன் இறங்கினர்? மேற்பரப்பில் மற்றத் துகள்களின் மழை ஓயாது பொழிகிறது. அந்த இரைச்சலில் ஒரு மெல்லிய குரலைக் கேட்க முடியாது. இரண்டு கிலோமீட்டர் பாறையைக் குடையாகப் பிடித்து, வேண்டாதவற்றை எல்லாம் விலக்கிய பிறகே வேண்டியது தெரிந்தது.

பழுது காண்பதும் அப்படித்தான். கோப்பு வரவில்லை என்பது ஒரே அறிகுறி. அதற்குக் காரணம் ஆறு இடங்களில் இருக்கலாம். கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாகச் சோதித்து, ‘இங்கே குற்றம் இல்லை’ என்று விலக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை ஒரு தாளில் எழுத வேண்டும். மறுநாள் காலையில் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஆறு கேள்விகளை எழுதினேன்:

இரண்டும் விழித்திருக்கின்றனவா? இரண்டும் ஒரே வலையில் இருக்கின்றனவா? ஒன்றின் குரல் மற்றொன்றின் காதில் விழுகிறதா? இரண்டும் ஒரே மொழி பேசுகின்றனவா? கேட்பவர் யார் என்பது தெரிகிறதா? அவருக்கு அந்தக் கோப்பைப் பெறும் உரிமை உண்டா?

இந்த ஆறும் வரிசை மாறாமல் கேட்கப்பட வேண்டியவை. மூன்றாவதற்கு விடை ‘இல்லை’ என்றால், ஆறாவதைத் திருத்தி யாதொரு பயனும் இல்லை. கூண்டே இறங்காதபோது, சுரங்கத்தின் அடியில் விளக்கு எரிகிறதா என்று ஆராய்வதால் என்ன பயன்?

ஒரே எண், வேறு வரிசை

முதற் கேள்வி எளிது. ஆயினும் பலர் அதில்தான் வழுக்கி விழுகின்றனர். கோப்பைத் தரும் கணினி சற்று நேரம் தீண்டப்படாமல் இருந்தால் உறங்கிவிடும். உறங்குபவர் கதவைத் திறக்கமாட்டார். மின் அமைப்பில் உறக்கத்தை நிறுத்தி வைத்தேன். முதற் கேள்வி முடிந்தது.

இரண்டாவது கேள்வியில்தான் முதற் குற்றவாளி அகப்பட்டான். வலையில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ரௌட்டர் என்னும் கருவி ஓர் எண் முகவரி கொடுக்கிறது. கறுப்புச் சாளரத்தில் ‘ஐபிகான்பிக்’ என்று தட்டினால் அது தெரியும். என் மடிக்கணினியின் முகவரி 192.168.1.7, முன்னறைக் கணினியின் முகவரி 192.168.0.5. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உற்று நோக்குங்கள்: மூன்றாம் எண் வேறு.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிய குடியிருப்புகள் வரிசை வரிசையானவை. லைன் வீடுகள் என்போம். ஐந்தாம் எண் வீடு ஒவ்வொரு லைனிலும் உண்டு. லைனைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் கடிதம் வந்து சேராது. வீட்டு வலைகளில் பெரும்பாலும் முதல் மூன்று எண்களே லைன். கடைசி எண்ணே வீடு. எங்கள் இரு கணினிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இரண்டு லைன்களில் குடியிருந்தன!

காரணம் என்ன? இணைய இணைப்புக் கொடுத்தவர்கள் மாட்டிய பெட்டியே ஒரு ரௌட்டர். அதிலேயே வைஃபை உண்டு. அதற்கு முன்பே நாங்கள் வாங்கியிருந்த பழைய ரௌட்டரை யாரோ அந்தப் பெட்டியின் பின்னால் கோத்துவிட்டனர். என் மடிக்கணினி புதிய பெட்டியின் வைஃபையில் சேர்ந்தது. முன்னறைக் கணினியின் கேபிளோ பழைய ரௌட்டரில் இருந்தது. ரௌட்டரின் இயல்பு யாதெனில், உள்ளே இருப்பவரை வெளியே போக விடும். வெளியே இருப்பவரைத் தானாக உள்ளே விடாது. ஆகவே இரு கணினிகளிலும் இணையம் நன்றாக ஓடியது. ஆனால் என் மடிக்கணினி முன்னறையை எட்ட முடியவில்லை. ‘இரண்டிலும் நெட் வருகிறதே, பிறகென்ன?’ என்று அப்பா கேட்டார். இணையம் வருவதும், இரண்டும் ஒரே வலையில் இருப்பதும் வேறு வேறு.

கேபிளைப் பிடுங்கிப் புதிய பெட்டியில் செருகினேன். முன்னறைக் கணினிக்கு 192.168.1.9 என்ற முகவரி கிடைத்தது. இதே போன்ற வேறு இரு நிலைகளையும் நண்பர்கள் நினைவில் கொள்ளலாம். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் எண் கொடுக்கவில்லை, கணினி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள், கேபிளைப் பாருங்கள். விருந்தினருக்கான வைஃபையில் சேர்ந்திருந்தால், லைன் ஒன்றாக இருந்தாலும் ஒருவரை ஒருவர் காண முடியாதபடி ரௌட்டரே திரை போடக்கூடும். விடுதி வைஃபைகளிலும் இத்திரை உண்டு.

தங்கை அழுத்திய பொத்தான்

இனி வந்துவிடும் என்று எண்ணினேன். வரவில்லை. ஆனால் இம்முறை நான் கலங்கவில்லை. தாளில் இரண்டு கேள்விகள் அடிக்கப்பட்டிருந்தன.

மூன்றாவது கேள்வி: குரல் கேட்கிறதா? ‘பிங்’ என்னும் கட்டளை, ஒரு கணினி மற்றொன்றை ‘இருக்கிறாயா?’ என்று கூவி அழைப்பது. 1983-இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய சிறு நிரல் அது. இன்றும் அதுவே முதற் கருவி. கூவினேன், மறுமொழி இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. மறுமொழி வந்தால் எதிரே ஆள் உண்டு என்பது உறுதி. வராவிட்டால் ஆள் இல்லை என்பது உறுதியன்று. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கலாம். கோப்புப் பகிர்வு நடக்கும் கதவுக்கு 445 என்று எண். விண்டோஸின் பவர்ஷெல் சாளரத்தில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ என்னும் கட்டளையோடு எதிர்க் கணினியின் முகவரியையும் 445 என்னும் எண்ணையும் கொடுத்தால், அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று நேராகவே சொல்லிவிடும். மூடியிருந்தது.

முன்னறைக்குச் சென்று பார்த்தேன். புதிய வலையில் சேர்ந்தவுடன் விண்டோஸ் 7 ஒரு கேள்வி கேட்கும்: இது வீட்டு வலையா, அலுவலக வலையா, பொது இடமா? நான் ரௌட்டரோடு போராடிய நேரத்தில் அக்கேள்வி எழ, தங்கை ‘பொது இடம்’ என்பதை அழுத்தியிருந்தாள்.

“நீதான் எப்போதும் பத்திரம் பத்திரம் என்பாயே, அண்ணா!” என்றாள் அவள்.

அவள் மீது பிழை இல்லை. ரயில் நிலையத்திலோ உணவு விடுதியிலோ அதுவே தக்க விடை. பொது இடம் என்று சொன்னால் ஃபயர்வால் என்னும் காவல், பகிர்வுக் கதவை இழுத்துச் சாத்திவிடும். வீட்டு வலை என்று மாற்றியதும் 445 திறந்தது. விண்டோஸ் 11-இல் இதே அமைப்பு ‘பொது’, ‘தனி’ என்று இரண்டாக இருக்கிறது. கோப்பைத் தரும் கணினியில்தான் இது முதன்மையாகப் பார்க்கப்பட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘நெட்வொர்க்’ பகுதியில் கணினியின் பெயர் தெரியாவிட்டால் பகிர்வே இல்லை என்று பலர் முடிவு கட்டுகின்றனர். அந்தப் பட்டியல் ஓர் ஊர்ப் பெயர்ப் பலகை மட்டுமே. பலகை விழுந்துவிட்டால் ஊர் இல்லாமற் போகுமா? முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு, அடுத்து எண் முகவரியைத் தட்டினால் நேராகவே சென்று கதவைத் தட்டலாம்.

கதவைத் தட்டினேன். இப்போது ஓர் எழுத்து அறிவிப்பு வந்தது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகள், அடையாளம் காட்டாத விருந்தினரைத் தடுக்கின்றன என்பது அதன் கருத்து. எங்கள் வீட்டில் நிறுவனம் ஏது? விதி வகுத்தவர் யார்? ஆயினும் நான் மகிழ்ந்தேன். வெறுமைக்குப் பதிலாக ஒரு மறுப்பு வந்தால் அது முன்னேற்றமே. வாயில் காப்போன் வரை சென்றுவிட்டோம் அல்லவா?

மொழியும் அடையாளமும்

நான்காவது கேள்வி மொழியைப் பற்றியது. கணினிகள் கோப்புப் பகிரப் பேசும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் வகுத்தது அது. பின்னர் மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்தது. ஆஸ்திரேலியாவில் நம்மைப் போன்றே ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் போய் வரும் செய்திகளைக் கூர்ந்து நோக்கியே இம்மொழியைக் கற்று, 1992-இல் பிறரும் பயன்படுத்தும் வண்ணம் ஒரு நிரலை வெளியிட்டார். எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்தும் வரிசையாக வரும் ஒரு சொல்லை அகராதியில் தேடி அதற்குச் ‘சாம்பா’ என்று பெயரிட்டார். நம் சம்பா நெல்லுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் லினக்ஸ் கணினிகளும் விண்டோஸ் கணினிகளும் ஒரு பந்தியில் உட்கார்ந்து உண்ண வழி செய்தது அதுதான்.

இம்மொழியில் முதற் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என மூன்று உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி முதற் பதிப்பை மட்டுமே அறியும். விண்டோஸ் 7 இரண்டாம் பதிப்பையும் அறியும். எனவே என் மடிக்கணினியோடு பேச அதற்குத் தடை இல்லை. நான்காம் கேள்வியும் அடிபட்டது.

ஐந்தாவது: நீ யார்? எங்கள் முன்னறைக் கணினிக்குக் கடவுச்சொல்லே கிடையாது. பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும். அத்தகைய கணினி வெளியிலிருந்து வருபவரை எல்லாம் ‘விருந்தினர்’ என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளும்படி பகிர்வு அமைக்கப்பட்டிருந்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 புரோ பதிப்போ, பெயர் தெரியாத விருந்தினராகப் போக இயல்பாகவே மறுக்கிறது. தான் பேசும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் வேண்டும் என்கிறது. விருந்தினருக்குக் கையொப்பம் ஏது?

தாத்தா தம் பதிவு ஒன்றில் சொல்வார்: எண் பொறித்த டோக்கன் இல்லாமல் எவனையும் கூண்டில் ஏற்ற மாட்டோம், தெரிந்தவன் என்றாலும் ஏற்ற மாட்டோம், ஏனென்றால் மாலையில் ஒரு டோக்கன் குறைந்தால்தான் ஓர் ஆள் கீழே இருக்கிறான் என்று தெரியும். மடிக்கணினி கேட்டதும் அந்த டோக்கனைத்தான்.

எளிய வழியும் நேர் வழியும்

இங்கேதான் வீட்டில் வாக்குவாதம் எழுந்தது. எங்கள் அத்தை மகன், வயதில் மூத்தவர், பெங்களூரில் வேலை பார்ப்பவர். “எல்லாவற்றையும் திறந்துவிடு தம்பி! ஃபயர்வாலை அணை, பழைய பதிப்பை ஏற்று, விருந்தினரை அனுமதி, ‘எல்லோருக்கும் முழு உரிமை’ கொடு. ஐந்து நிமிட வேலை” என்றார்.

அவர் சொன்னதில் சிலவற்றைச் செய்தால் கோப்பு வந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் எது பழுது என்று தெரியாமலே போயிருக்கும். திறந்த கதவுகளை மீண்டும் சாத்த எவருக்கும் நினைவிருக்காது. அதன் விளைவை உலகம் ஒருமுறை கண்டிருக்கிறது. எஸ்.எம்.பி. முதற் பதிப்பில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சு மாதத்தில் வெளியிட்டது. பலர் அதை இட்டுக்கொள்ளவில்லை. மே 12-ஆம் நாள் ‘வான்னக்ரை’ என்னும் தீநிரல், திறந்து கிடந்த 445-ஆம் கதவுகள் வழியே கணினி விட்டுக் கணினி தாவி, சுமார் 150 நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளி வைக்கப்பட்டன. அன்று தாக்குண்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகளே. அந்த விண்டோஸ் 7-க்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. எங்கள் முன்னறையில் இருந்தது அதுதான்.

“அத்தான், ஒரு கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டுச் சுவரை இடிப்பார்களா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “சரி, உன் வழியிலேயே போ, ஆனால் வட்டு உனக்காகக் காத்திருக்காது” என்றார். அதுவும் உண்மையே. டிக், டிக் என்ற ஒலி கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

நேர் வழி நீண்டதன்று. முன்னறைக் கணினியின் கணக்குக்கு ஒரு கடவுச்சொல் வைத்தேன். வெறும் கடவுச்சொல் உடைய கணக்கை வலை வழியே நுழைய விண்டோஸ் இயல்பாக விடுவதில்லை என்பதால் இது இன்றியமையாதது. விருந்தினர் வழியை மூடி, கடவுச்சொல் கேட்கும்படி பகிர்வை மாற்றினேன். மடிக்கணினி பெயரும் கடவுச்சொல்லும் கேட்டபோது, என்னுடையதை அன்று, முன்னறைக் கணினியின் கணக்குப் பெயரையும் அதன் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். இவ்விடத்தில் பலர் தாம் நாள்தோறும் தட்டும் நான்கு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்துவிட்டு ஏமாறுகின்றனர். பின் எண் அந்தந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கே பயன்படும். வலை வழியே செல்லாது.

கோப்புறை தெரிந்தது! திறந்தேன்: ‘அனுமதி இல்லை.’

அதுவே ஆறாவது கேள்வி. விண்டோஸில் உரிமை இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது: பகிர்வுக்கு ஒன்று, வட்டில் உள்ள கோப்புறைக்கு ஒன்று. வலை வழியே வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். பகிர்வில் உரிமை கொடுத்திருந்தேன். ஆனால் பதிவுகள் இருந்த கோப்புறை தங்கையின் கணக்குக்குள் இருந்தது. அங்கும் அந்தக் கணக்குக்குப் படிக்கும் உரிமை கொடுத்தேன். படிக்கும் உரிமை மட்டும். எழுதவோ அழிக்கவோ உரிமை எதற்கு?

இரண்டாம் நாள் இரவு பத்து மணி இருக்கும். 43 கோப்புகளின் பெயர்களும் என் திரையில் வந்து நின்றன.

மறுமணி

இழக்கக்கூடாத கோப்புகளை ஒருபோதும் வெட்டி ஒட்டாதீர்கள், நகல் எடுங்கள். நடுவில் வலை அறுந்தால் மூலமாவது மிஞ்சும். நலிந்த வட்டிலிருந்து எடுக்கும்போது, மிக வேண்டியதை முதலில் எடுங்கள். நான் விண்டோஸிலேயே உள்ள ‘ரோபோகாப்பி’ என்னும் கட்டளையைப் பயன்படுத்தினேன். ஒரு கோப்புப் படிக்க முடியாது போனால் அது இயல்பாகப் பத்து லட்சம் முறை மீண்டும் முயலும். ஒவ்வொரு முறைக்கும் முப்பது நொடி காத்திருக்கும். சாகக் கிடக்கும் வட்டை அவ்வாறு வருத்தினால் உள்ளதும் போகும். ஆகவே மறுமுயற்சி ஒன்று, காத்திருப்பு ஒரு நொடி என்று குறைத்து, முரண்டு பிடிப்பதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் செய்தேன்.

மூன்றாம் நாள் விடியலில் 41 பதிவுகள் வந்துவிட்டன. இரண்டு வரவில்லை. மீண்டும் முயன்றேன்; வட்டு ஒருமுறை உரக்கத் தட்டிவிட்டு அடங்கியது. பிறகு அது எழவே இல்லை. அந்த இரண்டில் ஒன்று, தாத்தாவின் தந்தை வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்து சேர்ந்த கதை. அதைக் கேட்டறிய இனி எங்களுக்கு ஆள் இல்லை. முதல் நாளை நான் மூடத்தனத்தில் கழிக்காமல் இருந்தால் அவையும் வந்திருக்குமோ என்னவோ! பழுது காண்பதில் ஒழுங்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வந்த 41-ஐயும் எண்ணினேன், அளவை ஒப்பிட்டேன், ஒவ்வொன்றையும் திறந்து கேட்டேன். பிறகு வேறு ஒரு வட்டில் ஒன்றும், தங்கையிடம் ஒன்றுமாக இன்னும் இரண்டு நகல்கள் எடுத்தேன். பகிர்வது வேறு, காப்பது வேறு. ஒரே இடத்தில் உள்ள கோப்பை நூறு பேருக்குப் பகிர்ந்தாலும், அந்த இடம் அழிந்தால் நூறு பேருக்கும் இல்லை. முன்னறைக் கணினியின் வலைக் கேபிளைக் கழற்றிவிட்டேன்.

தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. நான் பிறந்தபோது கூண்டு ஓடவில்லை. அதன் மணியோசையை நான் கேட்டதே இல்லை. பதினேழாவது பதிவில் தாத்தா அதைப் பற்றிப் பேசுகிறார். கீழிருந்து மணி வந்தவுடன் கூண்டை நகர்த்திவிடக் கூடாதாம். கேட்ட மணியை அப்படியே திருப்பி அடிக்க வேண்டுமாம். “நான் சொன்னதை நீ சரியாக் கேட்டியான்னு அவனுக்குத் தெரியணும்பா. மறுமணி வராம கூண்டு நகராது” என்கிறார். பிறகு விரலால் திண்ணைத் தூணில் தட்டிக் காட்டுகிறார். மூன்று தட்டு, சற்று நேரம் அமைதி, மீண்டும் மூன்று தட்டு.

நண்பர்களே, உங்கள் கணினிகள் ஒன்றோடொன்று பேச மறுத்தால் அவசரப்பட்டுச் சுவரை இடிக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து ஆறு கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் மறுமணி வந்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். உங்கள் வீட்டுப் பழைய கணினியில் பெரியவர் எவருடைய குரலாவது உறங்குமானால், வட்டு ஒலி எழுப்பும் வரை காத்திராமல், இந்த விடுமுறையிலேயே அதை எடுத்து வையுங்கள்.